மஞ்சள் லைட் எரிந்தால் முதலில் எண்ணைக் கேளுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை செக் எஞ்சின் லைட்டைப் பற்றி வந்த கடிதங்களில் குமரி மாவட்டத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடல் உப்பு, வருடத்துக்கு இரண்டு பருவமழை, ரப்பர் தோட்டத்து எலி, ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும் சாலையில் குறுகிய ஓட்டம் என்று அங்குள்ள கார்களுக்கு வரும் கோளாறுகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி:
வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். பெட்ரோல் காரை நான்தான் ஓட்டுகிறேன். மூன்று நாளாக மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது. ஓட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ‘வண்டி ஓடுதுல்லா, பெறவு என்னத்துக்குப் பயப்படுதிய?’ என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஓட்டலாமா?

பதில்: ஒர்க்‌ஷாப் வரைக்கும், அதிகம் போனால் இந்த வாரம் முழுவதும் நிதானமாக ஓட்டலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

மீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது நிறம். எண்ணெய்க் குடம், அலையில் நிற்கும் தெர்மாமீட்டர், பேட்டரி ஆகிய மூன்றில் எது சிவப்பாக எரிந்தாலும் ஓரம் கட்ட வேண்டும். மஞ்சள் எஞ்சின் படம் அவ்வளவு அவசரம் இல்லை. அதிலும் விட்டுவிட்டு மினுக்கினால்தான் உடனே காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். அதைப் பற்றிக் குளச்சல் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறோம். உங்களுடையது நிலையாக எரிகிறது, இழுவையும் குறையவில்லை, வெப்பமுள் நடுவில் நிற்கிறது என்றால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டே போகலாம்.

ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் பெரும்பாலான கோளாறுகளை அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் பார்த்த பிறகுதான் அந்த லைட்டைப் போடுகிறது. எரிந்துவிட்டது என்றால் இரண்டு தடவை உறுதி செய்துவிட்டது என்று பொருள். ஓட்டத்தில் மாற்றம் தெரியாததற்கும் காரணம் உண்டு. ஒரு சென்சார் சொல்வது நம்பும்படி இல்லை என்றால், கம்ப்யூட்டர் அதை விட்டுவிட்டு ஒரு குத்துமதிப்பு அளவை வைத்து ஓட்டும். வண்டி ஓடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் சிலவற்றைப் பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் நிற்கிறதா? கடைசி சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தால் அந்தப் பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா, அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய் இரு முனையிலும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா? சர்வீஸ் முடிந்த இரண்டொரு நாளில் லைட் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருப்பார். பெட்ரோல் மூடியை மூன்று சொடுக்கு கேட்கும்வரை இறுக்கினால் லைட் போய்விடும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கார்களுக்கான ஆலோசனை. இங்கே விற்கும் பல கார்களில் மூடிவழிக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. மூடியைச் சரியாக மூடுவது நல்லதுதான். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

பிறகு ஸ்கேனர் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இருக்கும் பக்கத்தில் 16 துளையுள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சொருகினால் பி என்ற எழுத்தில் தொடங்கும் நான்கு இலக்க எண் வரும். பி என்பது எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். மூன்றாவது இடம் 1 என்றால் காற்று, எரிபொருள் கலவை. 3 என்றால் தீப்பொறி, மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது). 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதோடு ‘ஃபிரீஸ் ஃபிரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் எடுத்த பிறகுதான் அழிக்கச் சொல்ல வேண்டும். எண் தெரியாமல் அழித்துவிட்டால் கையில் இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

குளச்சலிலிருந்து ஒரு மீன் வியாபாரி:
நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. எஞ்சினில் தண்ணீர் அடித்துக் கழுவினேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுக்கல். ஏற்றத்தில் மஞ்சள் லைட் மினுக்கியது. மத்தியானம் வெயிலில் சரியாகிவிட்டது. இப்போது மழை பெய்தால் எல்லாம் அதே கதை. ஸ்கேனரில் பி 0302 வந்தது. நான்கு காயிலையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: நான்கையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, செலவே இல்லை.

பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் கெட்டது என்று அந்த எண் சொல்லவில்லை. தீப்பொறி வராதது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்தது, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்பிரஷன்) குறைந்தது எல்லாவற்றுக்கும் இதே எண்தான் வரும். எஞ்சின் ஆறியபின் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். சிலிண்டர் எண்ணிக்கை பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து தொடங்கும். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0303 வந்தால் காயில்தான் கெட்டது, ஒன்று வாங்கினால் போதும். மறுபடியும் பி 0302 வந்தால் பிளக்குகளை அதேபோல இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ஒயர், இன்ஜெக்டர், கம்பிரஷன் என்று அடுத்தடுத்துப் போகலாம்.

மழைக்கு மட்டும் வருகிறது என்பதால் எங்கள் சந்தேகம் பிளக் குழியில் தேங்கிய நீர்மீது. காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, கனெக்டரின் நாக்கை அழுத்தி விடுவித்து, காயிலை லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். அடியில் ரப்பர் நுனி ஈரமாகவோ துருக்கறையோடோ வந்தால் அதுதான். பிளக்கைத் தொடுவதற்கு முன் குழிக்குள் காற்றடித்து நீரையும் மணலையும் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றும்போது அந்த மணல் சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த வழியாக எஞ்சின் உடம்புக்குத் தாவிக்கொண்டிருந்தது என்று பொருள். அந்த பிளக்கைத் துடைத்துப் போடாதீர்கள். ஒருமுறை கோடு விழுந்த பாதையில் திரும்பவும் தாவும். ரப்பர் நுனியிலும் அதே இடத்தில் வெடிப்பு இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். காயில் கனெக்டருக்குள் டார்ச் அடித்தால் பின்கள் பளபளவென்று தெரிய வேண்டும். களிம்பேறிய பழைய செப்புக்குடம் போலப் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போய் இன்னும் வேகமாக அரிக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, கனெக்டரின் ரப்பர் சீலைச் சரியாக உட்கார வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியோடும் எஞ்சினோடும் சேரும் இடங்களையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கரையோர வண்டிகளில் சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு எண்கள் ஒன்றாக வந்தால் முதலில் இந்த எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

லைட் மினுக்குவது பற்றி: எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, அது உருகும் அளவுக்குச் சூடேறுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. காலைத் தளர்த்தியதும் மினுக்கல் நின்று நிலையாக எரிந்தால் மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். நிற்காவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டரில் போய் முடிந்தால் பல மடங்காகிவிடும்.

கீழே படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவுவது அவசியம், கழுவுங்கள். பானெட்டைத் திறந்து மேலிருந்து பிரஷரில் அடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்:
பி 0420 என்று வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. இன்னொரு சென்சார் மாற்றினார்கள். இப்போது கன்வெர்ட்டரே போய்விட்டது, இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: எண்ணைப் பார்ட்டின் பெயராக எடுத்துக்கொண்டால் நடப்பது இதுதான். பி 0420 சொல்வது, கன்வெர்ட்டர் எதிர்பார்த்த அளவுக்குப் புகையைச் சுத்தம் செய்யவில்லை என்பதை. அதைக் கண்டு சொல்கிற சாட்சிதான் பின்னால் இருக்கும் சென்சார். சாட்சியை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்பெட்டிச் சட்டத்தில் அறையறையாக இருக்குமே, அதே அமைப்பு. தேனுக்குப் பேர்போன உங்கள் ஊரில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அறைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். எஞ்சின் நன்றாகச் சூடானபின் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டு ஸ்கேனரில் இரண்டின் கோட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண வகைச் சென்சார் என்றால் முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் மேலும் கீழும் துள்ளும். பின்னால் இருப்பது 0.6, 0.7 என்று அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அசையாமல் நின்றால் வேறு எங்கோ கோளாறு. சில கார்களில் முன் சென்சார் வேறு வகை, அது இப்படித் துள்ளாது. அங்கே பின் சென்சாரின் கோட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாருக்கு முன்னால், குறிப்பாக எஞ்சினோடு சேரும் கேஸ்கெட்டிலும் வளையும் வலைக்குழாயிலும் சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும், சென்சார் ஏமாறும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் நின்றுவிடுகிற சத்தம், இணைப்பில் சாம்பல் நிறக் கரித்தடம், இரண்டும் கசிவின் அடையாளம்.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தால் ஏன் போனது என்று தெரியாமல் புதிது போடாதீர்கள். நாட்பட்ட மிஸ்ஸிங், ஆயில் எரிவது, கூலண்ட் உள்ளே கசிவது இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் புதிதும் சாகும். உடைத்து எடுக்கும் யோசனைக்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம். புகைச் சோதனையில் தோற்கும், லைட்டும் நிரந்தரமாக எரியும். அப்புறம் உண்மையான கோளாறு ஒன்று வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்:
ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் லைட் எரிகிறது. எலி ஒயரைக் கடித்திருக்கிறது. டேப் சுற்றிவிட்டார்கள், பத்து நாளில் திரும்பவும் அதே எண்.

பதில்: டேப் ஈரத்தை வெளியே நிறுத்தாது, உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். கடிபட்ட இடத்தின் இருபுறமும் செம்பு கறுக்காத இடம் வரும்வரை வெட்டி, அதே தடிமன் ஒயரைச் சேர்த்து, சால்டர் வைத்தோ கிரிம்ப் செய்தோ, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டிச் சுருக்க வேண்டும். இரண்டு ஒயர் ஒன்றோடொன்று முறுக்கி ஓடினால் அது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் பாதை. ஒட்டியபின் அதே முறுக்கோடு விடுங்கள், தளர விட்டால் புதிய எண்கள் வரும். கடிபட்டது ஒன்று கண்ணில் பட்டதும் நிறுத்திவிடாமல் ஒயர்க்கட்டு முழுவதையும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில் கடித்திருக்கும்.

எஞ்சின்மேல் தேங்காய்ச் சவுரியோ காய்ந்த இலையோ கூடாகச் சேர்ந்திருந்தால் உடனே அகற்றுங்கள், சூடான சைலன்சர் பக்கம் விழுந்தால் தீப்பிடிக்கும். இரவில் பானெட்டைத் திறந்து வைப்பது பல வீடுகளில் பலன் தருகிறது, மறைவில்லாத திறந்த இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். பானெட்டுக்குள் எலி விஷம் வைக்காதீர்கள். ஹீட்டர் பெட்டிக்குள் செத்தால் நாற்றத்தை எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்:
2021 மாடல் டீசல். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, தினமும் ஐந்தாறு கிலோமீட்டர். பெட்டிக்குள் புள்ளி வைத்தது போல ஒரு மஞ்சள் லைட் வந்தது. கவனிக்கவில்லை. இப்போது எஞ்சின் லைட்டும் எரிகிறது, பிக்கப் இல்லை.

பதில்: வண்டியில் பழுது இல்லாமலேயே வந்த கோளாறாக இருக்கலாம். டீசலும் உங்கள் ஓட்டமும் பொருந்தவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கிறது. பிடித்து வைத்த கரியை அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரிச் சூடு வேண்டும். வடசேரியிலிருந்து மீனாட்சிபுரத்துக்குப் போய்வரும் ஓட்டத்தில் எஞ்சினே சூடேறி முடியாது. எரிக்கத் தொடங்குவதற்குள் சாவியை எடுத்துவிடுகிறீர்கள். பாதியில் நின்றது திரும்பத் திரும்பச் சேர்கிறது.

புள்ளிப்பெட்டி லைட் மட்டும் எரிந்த அன்றே வண்டியைக் காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் விட்டிருந்தால் சரியாகியிருக்கும். மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர், ஒரு கியர் குறைவாக வைத்து 2000 ஆர்பிஎம்முக்கு மேல், நிறுத்தாமல் 20 நிமிடம். கரி எரிந்துகொண்டிருக்கும்போது ஐடில் (வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகம்) வழக்கத்தைவிடச் சற்று உயரும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், மைலேஜ் காட்டும் எண் குறையும், சூடான வாடை வரும். அப்போது வீடு வந்துவிட்டாலும் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். ரப்பர் இலையுதிரும் மார்கழி, தை மாதங்களில் அந்தச் சூட்டோடு சருகுமேல் நிறுத்தவே கூடாது.

இப்போது இரண்டு லைட்டும் எரிந்து இழுவையும் குறைந்துவிட்டதால் சாலையில் விரட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்தபின் ஒரேயடியாக எரிந்தால் சூடு தாங்காமல் வடிகட்டியே உருகலாம், விரிசல் விடலாம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மூலம் கட்டுப்பாட்டோடு எரிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வடிகட்டியின் அழுத்தம் பார்க்கும் சென்சாருக்குப் போகும் இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் வெடித்தோ அடைத்தோ இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. அங்கே தவறு இருந்தால் கரி இல்லாமலேயே இருப்பதாகக் காட்டும்.

டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல், பாதியில் நிறுத்தும்போதெல்லாம் ஆயிலோடு சேரும். ஆயில் மேல்குறியைத் தாண்டி ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். டிபிஎஃப் வண்டிக்கு என்று கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்து ஆயில்தான் ஊற்ற வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கும், கரி போல அது எரியாது.

திங்கள்சந்தையிலிருந்து ஒரு வாசகர்:
பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடுகிறதே, அது போதாதா?

பதில்: போதாது. எண், ஃபிரீஸ் ஃபிரேம், கம்ப்யூட்டர் இதுவரை கற்று வைத்திருந்த ஐடில் அளவு எல்லாம் சேர்ந்து அழியும். கோளாறு அப்படியே இருக்கும். கோளாறு உண்மையில் தீர்ந்துவிட்டால் லைட் தானாகவே அணையும். பெரும்பாலும் அடுத்தடுத்து மூன்று ஓட்டம் சுத்தமாகப் போனால் போதும்.

இரணியலிலிருந்து ஒரு வாசகர்:
போனோடு சேரும் சின்ன ஸ்கேனர் வாங்கியிருக்கிறேன். பி 0171 காட்டுகிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. இதை வைத்து நானே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். பி 0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. செயலியில் ‘ஃபியூயல் டிரிம்’ என்று இரண்டு வரி இருக்கும், குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று. கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து சதவீதம் மேலே கீழே இருப்பது நல்ல நிலை. பெரும்பாலும் பிளஸ் 20ஐத் தாண்டும்போது இந்த எண் வரும்.

எஞ்சின் சூடானபின் ஐடிலில் அந்தக் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து 2500இல் இறங்கினால் எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது: வெடித்த வேக்குவம் குழாய், இன்டேக் கேஸ்கெட், டிப்ஸ்டிக் சீல். ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப் தளர்ச்சி, ஃபில்டர் அடைப்பு. இரண்டிலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் காற்றை அளக்கும் சென்சார்மீது சந்தேகம் கொள்ளலாம். அது மேஃப் என்ற கம்பி வகைச் சென்சார் உள்ள வண்டியானால் அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், விரலோ துணியோ பட்டால் உள்ளே இருக்கும் முடி போன்ற கம்பி அறுந்துவிடும்.

சின்ன ஸ்கேனரை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். நாள்கணக்கில் விட்டால் சார்ஜை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஏபிஎஸ், ஏர்பேக் எண்களைப் பெரும்பாலும் அது படிக்காது.

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர்:
பழைய கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். ‘எந்த லைட்டும் எரியல்ல, வண்டி கொள்ளாம்’ என்கிறார் புரோக்கர்.

பதில்: எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் மஞ்சள் எஞ்சின் லைட், ஆயில் லைட், பேட்டரி லைட் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எஞ்சின் லைட் அந்த நேரத்திலும் எரியவில்லை என்றால் விளக்கு போயிருக்கிறது, அல்லது யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள்.

லைட் ஒழுங்காக இருந்தாலும் ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ பக்கத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்ததா என்று அது காட்டும். பல சோதனைகள் முடியவில்லை என்று இருந்தால், வண்டியைக் காட்டுவதற்குச் சற்று முன்னால்தான் எண்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் முன்பணம் கொடுக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் போல, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டிவிட்டு அதே பக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

பேச்சிப்பாறையிலிருந்து ஒரு வாசகர்:
மலை வளைவில் திரும்பும்போது சிவப்பு ஆயில் லைட் ஒரு நொடி மினுக்கி அணைகிறது. இதையும் அடுத்த சர்வீஸில் சொன்னால் போதுமா?

பதில்: இன்றே பாருங்கள். இது மஞ்சள் லைட் போல அல்ல. ஆயில் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் விளக்கு இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போனபின்தான் இது எரியும். அந்த ஒரு நொடியில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. பேரிங்குகள் உலர்ந்து உரசியிருக்கின்றன.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் சொருகி எடுத்துப் பாருங்கள். கீழ்க்குறிக்குக் கீழே இருந்தால் கையேட்டில் சொன்ன தரத்து ஆயிலைக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவே உள்ள இடைவெளி பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். மேல்குறியைத் தாண்ட விடாதீர்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் லைட் மினுக்குகிறது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இழுத்துப்போகும் வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டி அளந்த பிறகு, சுவிட்ச் பொய் சொல்கிறதா பம்ப் போய்விட்டதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.